ஒரு சாண் கடல்

“இதைச் சனத்துக்கு எப்பிடி விக்கிறது எண்டு நீயே சொல்லு மச்சான்” என்று குலேந்திரன் கத்தரிக்காய்ப் பெட்டியைக் காலால் தள்ளினான். பெட்டி அப்போதுதான் கடலைக் கடந்து கரை ஏறியிருந்தது. அனுப்பும்போது கண்ணாடிபோல மினுங்கின காய்கள் இப்போது தோல் சுருங்கி, காம்பு கறுத்து, அடியில் கிடந்தவை கசிந்து, பெட்டி மூலையால் ஊதா நிறத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தன. மறுகரையில் பரஞ்சோதி வெறும் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு நின்றான். அவன்தான் அனுப்பினவன். புதன்கிழமை அனுப்பினது வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தால் கத்தரிக்காய் வேறு எப்படி இருக்கும்?

மறுகரை என்றால் மரக்கறித் தட்டுகள் இருக்கிற பக்கம். இந்தக் கரை என்றால் காசுமேசை இருக்கிற பக்கம். இரண்டுக்கும் நடுவே, லண்டன் ஓரத்துத் தமிழ்க் கடை ஒன்றுக்குள்ளே, இந்தச் சுவர் தொடங்கி அந்தச் சுவர் மட்டும், ஒரு சாண் அகலத்தில் கடல் கிடந்தது.

கடல் என்றால் கடல்தான். உப்பு இருந்தது, அலை இருந்தது, பின்னேரங்களில் வற்றி விடியப்புறம் ஏறுகிற பழக்கம் இருந்தது, கருவாட்டுத் தட்டையே தோற்கடிக்கிற ஒரு மணம் இருந்தது. அகலம் மட்டும் ஒரு சாண். ஆனால் கடக்க இரண்டு நாள் பிடிக்கும். தக்காளிக்குக் கை நீட்டின சனத்தின் கை நீட்ட நீட்டச் சிறுத்துக்கொண்டே போய், நகம் கடுகளவாகி, தக்காளி அப்போதும் தூரத்திலேயே இருந்தது. காலைத் தூக்கி வைத்தவர்கள் புள்ளியாகிப் போய், இரண்டு நாள் கழித்து மற்றப் பக்கத்தில் தாடி வளர்ந்து பசியோடு ஏறினார்கள். கேட்டால் ஒரு எட்டுத்தான் வைத்தேன் என்றார்கள். குரல் மட்டும் உடனே கடந்தது. அதனால் சண்டைக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

பின்கதவால் போய் ஒழுங்கையைச் சுற்றி முன்வாசலால் வரலாமே என்று எல்லாருக்கும் தோன்றினதுதான். பரஞ்சோதி முதல் நாளே அதைச் செய்து பார்த்தான். சுற்றி வந்து முன்வாசலில் காலை வைக்கப் போனால், வாசற்படியோடு ஒட்டிக்கொண்டு அதே தண்ணீர் அவனுக்கென்று காத்துக் கிடந்தது. கடைக்கு மேல்மாடியில் அவன் வீடு. ஏறுகிற படி காசுமேசைக்குப் பக்கத்தில். மேலே அவனுடைய மனுசி சுகந்தி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள்.

இது ஒரே நாளில் வந்த கடல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலே சேர்ந்திருக்கிறதா பிரிகிறதா என்று நாடு வாக்குப் போட்டு, பிரிகிறது என்று எண்ணி முடித்த அன்று விடிய, கடைத் தரையில் ஒரு நூல் ஈரம் கண்டது. குழாய் ஒழுகுது என்று குலேந்திரன் துடைத்தான். அடுத்த நாளும் கண்டது, துடைத்தான். பெரிய மனுசர்கள் எப்படிப் பிரிகிறது என்று வருசக்கணக்காக அடிபட்டுக்கொண்டிருக்க, இவர்கள் வருசக்கணக்காகத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விரல் அகலமானபோது அதற்கு மேல் பழைய கம்பளம் ஒன்றைப் போட்டார்கள். கம்பளத்தில் பாசி பிடித்தது. கடைசியில் உண்மையாகவே பிரிந்த அந்த இங்கிலீசு வருசப் பிறப்பன்று ஒரு சாணாகிக் கம்பளத்தையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பரஞ்சோதி அந்த நேரம் போஞ்சிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றான். அதனால் அவன் அந்தப் பக்கம். அவ்வளவுதான் காரணம்.

அவனுக்கு ‘ஹொலண்ட்’ பரஞ்சோதி என்று பெயர். ஊர் புங்குடுதீவு. ஊரை விட்டு ஓடினவர்களில் குலேந்திரன் லண்டனில் இறங்கினான், பரஞ்சோதி ஹொலண்டில் இறங்கினான். ஏஜென்சிக்காரன் எங்கே இறக்கிவிட்டானோ அங்கே. பரஞ்சோதி அங்கே காளான் வளர்க்கிற இருட்டுக் கொட்டிலில் முதுகு வளைத்து, அந்த நாட்டுப் பாஸ்போட் எடுத்து, குலேந்திரனின் தங்கச்சி சுகந்தியைக் கட்டி, பிறகு சொந்தத்தோடு சொந்தமாக இருப்போம் என்று லண்டனுக்கு வந்து மச்சானோடு கடையில் பங்குக்குச் சேர்ந்தான். ஹொலண்டில் இருந்து மரக்கறி இறக்குகிறது அவன் வேலை. அந்தப் பாஷை தெரியும், அந்தச் சந்தையில் ஆட்களைத் தெரியும். கடை எழும்பினதே அந்த மரக்கறியாலேதான். இதைக் குலேந்திரனே பத்துப் பேர் நிற்கக் குடிவெறியில் சொல்லி அழுதிருக்கிறான்.

அதே குலேந்திரன்தான் பிரிய வேண்டும் என்று வாக்குப் போட்டான்.

ஏன் போட்டான் என்று கேட்டால் அதுக்கு ஒரு கதை இருக்கிறது. வாக்குக்கு முந்தின மாதம் கோயில் மண்டபத்துக்குப் பிரிகிற பக்கத்துக்கு வாக்குக் கேட்டு ஒரு வெள்ளைக்கார ஐயா வந்தார். வேட்டி கட்டியிருந்தார், அவிழாமல் இருக்க அதை ஊசியால் குத்தியிருந்தார்கள். வடை சாப்பிட்டார். வணக்கம் என்றார். பிறகு சொன்னார்: ஐரோப்பாக்காரர் கேட்டுக்கேள்வியில்லாமல் உள்ளே வருகிறார்கள், அதனால்தான் உங்கள் சொந்தக்காரருக்கு விசா இல்லை, அவர்களை நிற்பாட்டினால் உங்கள் ஆட்களுக்கு இடம் வரும். குலேந்திரனுக்கு வவுனியாவில் தமையன் மகன் ஒருத்தன் இருந்தான், கஜீபன். அவனை எப்படியாவது கூப்பிட்டுக் கடையில் விட வேண்டும் என்பது இவனுக்குப் பல வருச ஆசை. மண்டபத்திலே முதலாவதாகக் கை தட்டினவன் குலேந்திரன். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

வடைத் தட்டோடு நின்ற பரஞ்சோதியும் தட்டினான். தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினான். ஐரோப்பாக்காரர் என்று சொன்னது தன்னை என்று அவனுக்கு விளங்கவில்லை. அவன் புங்குடுதீவான். அந்த மண்டபத்தில் இருந்த ஒருத்தருக்குமே விளங்கவில்லை. பாதிப் பேர் ஜேர்மன் மாமி, பிரான்ஸ் சித்தப்பா, டென்மார்க் அண்ணை. எல்லாரும் கை சிவக்கத் தட்டினார்கள். வாக்கு இல்லாதவர்கள்தான் கூடச் சத்தமாகத் தட்டினார்கள்.

கடல் வந்தபிறகு, சனம் சாமான் வாங்க வந்ததைவிடக் கதைக்க வந்ததுதான் கூட. காசுமேசைக்கு முன்னால் அரிசி மூட்டைகளில் ஏறி இருந்துகொண்டு நாட்டுப் பொருளாதாரத்தைப் பிரித்து மேய்ந்தார்கள். டாக்ஸி ஓடுகிற செல்வச்சந்திரன் பிரிந்தது நல்லதுதான் என்றான். ருமேனியாக்காரர் போனதோடு தனக்கு ஓட்டம் கூடிவிட்டது, வருமானம் கூடிவிட்டது, இதை ஒருத்தரும் பேப்பரில் எழுதமாட்டார்கள் என்றான். அது உண்மைதான், பொய் இல்லை. கூடின வருமானத்தை என்ன செய்தாய் என்று நகுலேஸ் அக்கா கேட்டா. அவ ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற லோன்றியில் வேலை செய்கிறவ. சேர்ந்திருக்க வாக்குப் போட்டு, அதை வாற போற எல்லாருக்கும் சொல்லிக் காட்டுகிறவ. பவுண் மதிப்பு விழுந்து ஊருக்கு அனுப்புகிற காசு ரூபாயில் குறைந்துபோனதையும், வார்டில் போர்த்துக்கல் நேர்ஸ்மார் பெட்டி கட்டிக்கொண்டு போனதையும், காரில் டயர் மாற்றப் பொடியன் இல்லாமல் செல்வச்சந்திரன் மழைக்குள் தானே படுத்துக் கிடந்து மாற்றினதையும் அவ ஒன்றொன்றாக எடுத்து அவன் மடியில் வைத்தா.

“நீ கூட உழைச்சுக் கூட விலைக்குக் கத்தரிக்காய் வாங்கிறாய். அதுவும் அழுகினது. வாழ்த்துகள் தம்பி.”

குலேந்திரன் விடவில்லை. இனி ஹொலண்டை நம்பியிருக்கத் தேவையில்லை, கென்யாவில் இருந்து இறக்கலாம், ஊரில் இருந்தே நேராக இறக்கலாம், கொஞ்ச நாள் கஷ்டப்பட்டால் பிறகு நாங்களே ராசா என்றான். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று மறுகரையில் இருந்து பரஞ்சோதி கேட்டான். எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, திரும்பவும் கென்யாவைப் பற்றிக் கதைத்தார்கள். ஒரு சாண் தள்ளி ஒருத்தன் உருளைக்கிழங்குச் சாக்கில் படுத்தெழும்பிக்கொண்டிருந்தான். அவனைப் பற்றித்தான் கதை முழுக்க. அவனிடம் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவனுக்குப் பத்தி எரிந்தது.

கடல் பழகிவிட்டது. எங்கள் சனத்துக்கு எதுவும் பழகும். மாசி மகத்துக்குக் கடற்கரைக்கு ரயில் ஏறிப் போகிறவர்கள் இந்த முறை கடைக்கு வந்தார்கள். இதுவும் உப்புத்தானே, கிட்டவும் இருக்கு என்று காலை நனைக்காமல் கையால் அள்ளித் தலையில் தெளித்து, தர்ப்பையை அதற்குள்ளேயே விட்டார்கள். குருக்கள் ஐயா ஒரு போத்தல் கொண்டுபோனார். குலேந்திரன் மஞ்சள் மட்டையில் ‘தீர்த்தம் எடுப்பவர்கள் சாமானும் வாங்கவும்’ என்று எழுதித் தொங்கவிட்டான். வீட்டில் நிம்மதி வேண்டிய பெண்கள் புருசன்மாரை வெண்டிக்காய் தெரிந்தெடுத்துவர அனுப்பினார்கள். போக இரண்டு நாள், வர இரண்டு நாள், வெண்டிக்காய் முற்றிப்போய் வரும், ஆனாலும் அவர்களுக்கு முகம் மலர்ந்திருக்கும். நகுலேஸ் அக்கா தன் மனுசனை இப்படி அடிக்கடி அனுப்பினா. அந்தாள் மறுகரையில் ஏறியதும் பரஞ்சோதிக்குப் பக்கத்தில் குந்தி ஒரு சிகரெட் பத்தி, இஞ்சை நல்லாய்த்தான் கிடக்கு என்பார். பரஞ்சோதிக்கு அவரைக் கழுத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கலாம் போலிருக்கும்.

ஏனென்றால் அவனுக்கு அங்கே நல்லாய் இல்லை. அவன் கேட்டது ஒன்றே ஒன்று. பிள்ளை பிறக்கிற நேரம் அந்தப் பக்கம் நிற்க வேண்டும். சித்திரை வருசப் பிறப்பை அண்டித்தான் நாள் குறித்திருந்தது. ஒரு கிழமைக்கு முன்னமே கடக்கிறேன் என்று பங்குனியிலேயே சொல்லிவைத்தான். குலேந்திரன் ஓம் ஓம் என்றான். பிறகு, வருசப் பிறப்பு வியாபாரம் மச்சான், உன்னை விட்டால் மரக்கறி தெரிஞ்செடுக்க ஆர் இருக்கு என்றான். பிறகு, கஜீபனின்ரை விசா இந்தா வருது, அவன் வந்து நிற்க நீ இஞ்சாலை வா என்றான். சுகந்தி படியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கத்தரிக்காய் போனால் போகட்டும், நீங்கள் காலைத் தூக்கி வையுங்கோ என்றாள். பரஞ்சோதி காலைத் தூக்கினான். அந்த நேரம் பின்கதவில் லொறிக்காரன் மணி அடித்தான். முருங்கைக்காய், வாழைப்பூ, வருசப் பிறப்புப் பொங்கலுக்குக் கரும்பு, முழுக்கப் பங்குக்காசில் வாங்கினது. காலை இறக்கி வைத்தான்.

கஜீபனுக்கு விசா வரவில்லை. பிள்ளை வந்தது.

பொம்பிளைப் பிள்ளை. ஆஸ்பத்திரிக்குச் செல்வச்சந்திரன்தான் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போனான். காசு வேண்டவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். வருசப் பிறப்பு முடிந்து வந்த கிழமை சுகந்தி பிள்ளையோடு படியால் இறங்கிவந்து கடலின் கரையில் நின்றாள். சாமான் வாங்க வந்த சனம் தள்ளி நின்று வழி விட்டது. பரஞ்சோதி தட்டுகளுக்கு முன்னால் வந்து நின்றான். நடுவில் ஒரு சாண். பிள்ளையின் இமை மயிர் தெரிந்தது. மூக்கு அவனுடைய மூக்கு, நுனியில் கொஞ்சம் சப்பை. பால் மணம்கூட வந்ததுபோல இருந்தது, அல்லது அவனுக்கு அப்படித் தோன்றியது. தரச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை, ஏனென்றால் கணக்கு எல்லாருக்கும் தெரியும்: பெட்டிக் கத்தரிக்காயே தாங்காத இரண்டு நாளைப் பச்சைப் பிள்ளை எப்படித் தாங்கும்.

“கையை நீட்டிப் பாருங்கோ” என்றாள் சுகந்தி.

நீட்டினான். விரல் பட்டாணியளவு ஆனது, கடுகளவு ஆனது, பிறகு தெரியவில்லை. பிள்ளை அப்போதும் அங்கேதான் கொட்டாவி விட்டது. கையை இழுத்துக்கொண்டான். கை நனைந்து விறைத்திருந்தது. சனத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அது அவனுக்கு இன்னும் கோபம் ஊட்டியது.

“மச்சான்” என்றான் அவன். “அண்டைக்கு மண்டபத்திலை நீ கை தட்டினது ஆரை நிற்பாட்டச் சொல்லி?”

குலேந்திரன் காசுமேசையில் சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தான். “உன்னை ஆர் ஐரோப்பாக்காரன் எண்டு நினைச்சது?”

“நானும்தான் நினைக்கேல்லை. கடல் நினைச்சிட்டுது.”

 பிறகு யாரோ புளி எங்கே இருக்கு என்று கேட்டார்கள்.

இதுக்குள்ளே குலேந்திரன் இன்னொரு வேலை பார்த்து வைத்திருந்தான். அந்த வெள்ளைக்கார ஐயாவைத் திரும்பவும் கூப்பிட்டிருந்தான். அவர் வந்து கடலைப் பார்ப்பார், படம் எடுப்பார்கள், அவரைக் கொண்டு ஒரு சொல்லுச் சொல்லுவித்தால் கஜீபனின் விசா நகரும் என்பது அவன் நினைப்பு. சனிக்கிழமை பகல் கூட்டம். ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். யார் போர்த்துவது என்று தமிழ்ச் சங்கத்தார் கூடிக் கதைத்து, பரஞ்சோதி போர்த்தினால்தான் வடிவு என்று முடிவெடுத்தார்கள். ஐரோப்பாப் பக்கத்து ஆள் வந்து மரியாதை செய்தால் ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லை என்று படத்தில் தெரியும். பிள்ளை பிறக்கக் கடக்க முடியாத கடலை இதுக்குக் கடக்கலாம் என்றார்கள். இதுக்கு மட்டும் வியாபாரம் பொறுக்கும்.

பொன்னாடையை ஏற்கெனவே நகுலேஸ் அக்காவின் மனுசனிடம் மறுகரைக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். சரிகைக் கரை வைத்த மஞ்சள் பட்டு, கண்ணாடித்தாள் உறைக்குள். குலேந்திரன் இந்தக் கரையில் நின்று விளங்கப்படுத்தினான். வியாழக்கிழமை பத்தரைக்குக் காலை எடுத்து வை. சனிக்கிழமை பத்தரைக்கு ஏறுவாய். ஐயா கதிரையில் இருப்பார். போர்த்து. சிரி. படம் எடுத்து முடிய உடனே திரும்பிக் காலை வை, அங்காலை போஞ்சி தனியக் கிடக்கு.

“பிள்ளையைப் பார்க்க எவ்வளவு நேரம் தருவாய்?” என்று பரஞ்சோதி கேட்டான்.

“போற வழியிலை பார்” என்றான் குலேந்திரன்.

வியாழக்கிழமை பத்தரைக்குப் பரஞ்சோதி தண்ணீருக்குள் காலை வைத்தான். உள்ளே என்ன இருந்தது என்று பிறகு சனம் கேட்டபோது, குளிரும் கோபமும் என்றுதான் சொன்னான். ஒரு எட்டுத்தான். அந்த ஒரு எட்டுக்குள் காளான் கொட்டிலின் இருட்டும், ஏஜென்சிக்காரன் இறக்கிவிட்ட தெருவும், தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தான் கை தட்டின சத்தமும், கால் தூக்கி இறக்கின அந்த முருங்கைக்காய் நேரமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அமத்தின, அமத்த அமத்தப் பொன்னாடை நனையாமல் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டான். கரையில் நின்றவர்களுக்கு அது ஒரு மஞ்சள் புள்ளியாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை முழுக்கப் பிள்ளைகள் கரையில் குந்தி அந்தப் புள்ளி பெருக்கிறதைப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை சொன்ன நேரத்துக்கு ஏறினான். முழங்கால் வரைக்கும் ஈரம், இரண்டு நாள் தாடி, வயிறு ஒட்டிப்போயிருந்தது. கடை நிறையச் சனம். பிளாஸ்டிக் மாலை கட்டியிருந்தார்கள். வெள்ளைக்கார ஐயா வெல்வெட் துணி போட்ட கதிரையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார். இந்த முறை வேட்டி இல்லை, கோட்டு. முன்பு உங்களுக்கென்று ஒரு கடல் இருந்ததா, இப்போது உங்கள் சொந்தக் கடைக்குள் உங்கள் சொந்தக் கடல் இருக்கிறது, இதை ஒருத்தராலும் உங்களிடம் இருந்து பறிக்க முடியாது என்றார். அதைத் தமிழில் குலேந்திரன் சொன்னான். சனம் கை தட்டியது. செல்வச்சந்திரன் தட்டவில்லை, தலையைச் சொறிந்தான். நகுலேஸ் அக்கா, இவருக்கு அழுகின கத்தரிக்காயிலை ஒரு பை கட்டிக் குடுங்கோ என்று பின்னால் நின்று சொன்னா.

“இப்ப” என்றான் குலேந்திரன், வாய் அசையாமல். “போர்த்து.”

ஐயா போர்த்துவதற்கு வசதியாகத் தலையைக் குனிந்தார். படக்காரன் கமெராவை உயர்த்தினான். பரஞ்சோதி கண்ணாடித்தாளைக் கிழித்துப் பொன்னாடையை உதறினான். உதறின காற்றில் பிளாஸ்டிக் மாலை ஆடியது. அவன் கதிரையைச் சுற்றிக்கொண்டு, குனிந்த தலையைக் கடந்து, படி அடியில் நின்ற சுகந்தியிடம் போனான்.

“தாங்கோ” என்றான்.

அவள் தந்தாள். அவ்வளவு பாரம் என்று அவன் நினைத்திருக்கவில்லை. பொன்னாடையால் பிள்ளையைச் சுற்றினான், ஒரு சுற்று, இன்னொரு சுற்று. சரிகைக் கரை கன்னத்தில் குத்தப் பிள்ளை முகத்தைச் சுளித்து அழத் தொடங்கியது, அவன் கரையை வெளிப்பக்கம் மடித்துவிட்டான். ஐயா குனிந்தபடியே இருந்தார். ஒருத்தரும் அவருக்கு நிமிரலாம் என்று சொல்லவில்லை. படக்காரன் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நின்று, கடைசியில் பிள்ளையின் பக்கம் திரும்பினான்.

குலேந்திரன் கிட்ட வந்தான். முகம் கறுத்திருந்தது. சனம் பார்க்கிறதென்று பல்லைக் காட்டிக்கொண்டே கதைத்தான். கஜீபனின் விசா போச்சு என்றான். கடையின் மானம் போச்சு என்றான். சரி, போர்த்தினது போர்த்தினதுதான், பிள்ளையை அவளிட்டைக் குடுத்துப்போட்டுக் கெதியா அங்காலை போ, போஞ்சி அழுகுது, கத்தரி அழுகுது, லொறிக்காரன் வந்து நிக்கிறான் என்றான். மறுகரையில் உண்மையாகவே மணி அடித்தது. இந்தப் பக்கத்துச் சனம் முழுக்க அவன் காலைப் பார்த்தது.

பரஞ்சோதி காசுமேசைக்குப் பின்னால் போய், குலேந்திரனின் கதிரையை இழுத்து, பிள்ளையோடு அதில் இருந்தான். மணி திரும்பவும் அடித்தது. போ என்று மச்சான் சொன்னான், சங்கத்தார் சொன்னார்கள், ஐயாகூட நிமிர்ந்து இங்கிலீசில் என்னவோ சொன்னார்.

அவன் போகவில்லை.